எட்டு டீம், ஒரு ரிலீஸ்: டீம்களுக்கு நடுவே வேலையும் அறிவும் நகர வழி

ஒரு டீமுக்குள் ஸ்க்ரம் (வேலையைச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) நடத்துவது எப்படி என்று சொல்ல வழிகாட்டிகள் நிறைய உண்டு. ஸ்க்ரம் கைடு பேசுவதும் பெரும்பாலும் அந்த ஒரு டீமைப் பற்றித்தான். டீமில் பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கும் குறைவாகவோ இருப்பார்கள் என்கிறது அதன் 2020 பதிப்பு. ஒரே புராடக்டில் எட்டு டீம்கள் இருக்கும் இடத்தில் புதிதாக ஸ்க்ரம் மாஸ்டராகவோ டெக் லீடாகவோ புராடக்ட் ஓனராகவோ சேருபவர் பார்ப்பது வேறு. எட்டு டீமின் போர்டும் பச்சையாக (எல்லாம் சரி என்று) இருக்கும், ரிலீஸ் மட்டும் தள்ளிப்போகும். வேலை டீமுக்குள் நிற்கவில்லை, டீம்களுக்கு நடுவில் நிற்கிறது. எட்டு டீம் என்றால் 28 ஜோடிகள். அந்த 28 இடைவெளிகளைக் காட்டும் போர்டு யாரிடமும் இருக்காது.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளிகளைச் சமாளிக்க. அடுத்த டீமிடம் போய்க் கேட்கவேண்டிய தேவையைக் குறைப்பது அறிவுப் பகிர்வு. கேட்டே ஆகவேண்டியதை உரிய நாளுக்குள் வந்து சேர வைப்பது ஒருங்கிணைப்பு. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீட்டிங் பெருகும், காத்திருப்பு குறையாது.

விளக்குவதற்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு வங்கியின் பணப் பரிமாற்ற ஆப். லாகின், வாலட், ரிப்போர்ட், நோட்டிஃபிகேஷன், மொபைல் டீம்கள் சென்னையில்; பேமெண்ட், ஃபிராடு, பிளாட்ஃபார்ம் டீம்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில். எல்லோருக்கும் இரண்டு வார ஸ்பிரின்ட் (ஒரு வேலைச் சுற்று), ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியும். உங்கள் இடத்தில் ஸ்பிரின்ட் தேதிகள் டீமுக்கு டீம் வேறுபட்டால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஒருவரின் கடைசி நாள் இன்னொருவருக்கு நடு வாரமாக இருந்தால், கீழே சொல்வதில் பாதி நடக்காது.

முதல் இரண்டு வாரம்: காத்திருப்பு அட்டவணை

எந்தப் புது மீட்டிங்கும் போடாதீர்கள். வேலைகளைப் பதிவு செய்யும் ஜிராவில் கடைசி மூன்று ஸ்பிரின்ட்டை எடுத்து, அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளப்பட்ட டிக்கெட்டுகளையும் இடையில் 'பிளாக்டு' ஆன டிக்கெட்டுகளையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதில் வேலை செய்தவரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்த டீமுக்காகக் காத்திருந்தீர்கள்? அவர்களிடமிருந்து சரியாக என்ன வேண்டியிருந்தது? கேட்ட நாளிலிருந்து கைக்கு வர எத்தனை நாள் ஆனது?

மேனேஜரிடம் கேட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. மேனேஜருக்குத் தெரிவது எஸ்கலேஷன் ஆன விஷயங்கள் மட்டும். தினம் தினம் இரண்டு நாள், மூன்று நாள் என்று கரைந்த நேரம் எந்த எஸ்கலேஷன் மெயிலிலும் இருக்காது, கோடு (நிரல்) எழுதுபவருக்குத்தான் தெரியும்.

பதில்களை எட்டுக்கு எட்டு அட்டவணையில் போடுங்கள். வரிசையில் காத்திருப்பவர், மேலே காத்திருக்க வைத்தவர், கட்டத்துக்குள் மொத்த நாட்கள். பெரும்பாலான இடங்களில் கட்டங்கள் சமமாக நிரம்பாது. ஒன்றிரண்டு டீமின் நெடுவரிசை மட்டும் கனத்திருக்கும். அனேகமாக அது பிளாட்ஃபார்ம் டீமாக இருக்கும். அந்த டீம் சோம்பேறி என்று இதற்குப் பொருள் இல்லை. ஏழு டீமின் வேலை ஒரே வாசலில் வந்து நிற்கிறது என்பதுதான் செய்தி. அட்டவணையை முதலில் அந்த டீமிடமே காட்டுங்கள். அவர்களைத் தாண்டி மேலே கொண்டுபோனால் அடுத்த தடவை உண்மையான எண் கிடைக்காது.

காத்திருப்பில் மூன்று வகை, மூன்று மருந்து

ஒவ்வொரு கட்டத்தையும் வகை பிரியுங்கள். புதிதாக வருபவர்கள் மூன்றுக்கும் ஒரே மருந்தாக 'வாராவாரம் சிங்க்-அப் கால்' போடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

முதல் வகை, தகவலுக்கான காத்திருப்பு. ஃபிராடு சர்வீஸ் ஒரு எரர் கோடு அனுப்புகிறது. அதற்கு என்ன பொருள் என்று வாலட் டீமுக்குத் தெரியவில்லை. பதில் சொல்லப் பத்து நிமிடம் போதும், பதில் வர இரண்டு நாள் ஆகிறது. இதற்கு மருந்து எழுத்து, கேள்விக்கென ஒரு சேனல், ஆள் பரிமாற்றம்.

இரண்டாவது, வேலைக்கான காத்திருப்பு. பேமெண்ட் டீம் புதிதாக ஒரு ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) எழுதித் தந்தால்தான் மொபைல் டீம் திரையை முடிக்க முடியும். இங்கே திட்டமிடலும் ஒப்பந்தமும் தேவை. சின்ன மாற்றம் என்றால், கேட்கும் டீமே அந்த ரெப்போவில் (கோடு சேமிக்கும் இடத்தில்) மாற்றிப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரிக்கை) அனுப்ப, சொந்தக்கார டீம் ரிவ்யூ மட்டும் செய்யலாம். இதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்காததாலேயே நடக்காமல் இருக்கும் இடங்கள் உண்டு. ரிவ்யூ ஒரு வேலைநாளுக்குள் வரும் என்று இரு டீமும் எழுதி ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காத்திருப்பு வேறு பெயரில் தொடரும்.

மூன்றாவது, பொதுச் சாமானுக்கான காத்திருப்பு: ஒரே டெஸ்ட் என்விரான்மெண்ட், ஒரே ரிலீஸ் ஜன்னல் (ரிலீஸுக்கு அனுமதித்த நேரம்), ஒரே செக்யூரிட்டி அப்ரூவர். எத்தனை பேசினாலும் இது குறையாது. என்விரான்மெண்ட்டைக் கூட்ட வேண்டும், அல்லது யார் எப்போது என்று முன்பதிவு வைக்க வேண்டும், அல்லது அப்ரூவலின் பகுதியை ஆட்டோமேட்டட் டெஸ்டுக்கு மாற்ற வேண்டும்.

காலாண்டுத் திட்டமிடல்

வேலைக்கான காத்திருப்பை ஸ்பிரின்ட் பிளானிங்கில் பிடிக்க முடியாது. அதற்குள் நேரம் தாண்டிவிட்டிருக்கும். பல டீம்களைச் சேர்த்து நடத்தும் சேஃப் (SAFe) முறையில் 50 முதல் 125 பேர் வரை சேர்ந்து, 8 முதல் 12 வாரத்துக்கான திட்டத்தை இரண்டு நாள் உட்கார்ந்து போடுகிறார்கள். உங்கள் நிறுவனம் சேஃப் பின்பற்றாவிட்டாலும் அந்த ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு டீமுக்கு, முன்வேலை ஒழுங்காக நடந்திருந்தால், இரண்டு அரை நாள் போதும்.

முன்வேலை ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஒவ்வொரு புராடக்ட் ஓனரும் காலாண்டின் முக்கியமான பத்து விஷயங்களை ஒவ்வொரு வரியில் எழுதிப் பகிர்வார். எட்டு டெக் லீடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து 'இது எங்களைத் தொடுமா' என்ற ஒரே கேள்வியோடு அதைப் படிப்பார்கள். இதைத் தவிர்த்தால் முதல் அரை நாள் முழுதும் யாருக்கு என்ன வேலை என்று கேட்டே போய்விடும்.

திட்டமிடும் நாளில் ஒரு பெரிய போர்டு. மிரோ போன்ற ஆன்லைன் போர்டிலோ சுவரிலோ இருக்கலாம். வரிசைக்கு ஒரு டீம், நெடுவரிசைக்கு ஒரு ஸ்பிரின்ட். ஒவ்வொரு டிபென்டென்சிக்கும் (ஒரு டீம் இன்னொன்றிடமிருந்து பெற வேண்டியதற்கு) சிவப்பு அட்டை, தருபவரிலிருந்து பெறுபவருக்குச் சிவப்புக் கோடு. அட்டையில் நான்கு விஷயம் இல்லாவிட்டால் ஒட்ட விடாதீர்கள்: தரும் டீமில் ஒருவர் பெயர், பெறும் டீமில் ஒருவர் பெயர், தருவது என்ன, எந்த ஸ்பிரின்ட்டில் வேண்டும். 'பேமெண்ட் டீம் சப்போர்ட் தேவை' என்று எழுதிய அட்டையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'திரும்பப் பெறுதலுக்கான ஏபிஐ, டெஸ்ட் என்விரான்மெண்டில், மூன்றாம் ஸ்பிரின்ட் முடிவுக்குள்' என்று எழுதினால் சரி.

இரண்டு விதிகளை விட்டுக்கொடுக்காதீர்கள். தரும் ஸ்பிரின்ட்டும் பயன்படுத்தும் ஸ்பிரின்ட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. இடையே குறைந்தது ஒரு ஸ்பிரின்ட் எல்லையாவது வேண்டும். ஒரே ஸ்பிரின்ட்டில் தருவதாகச் சொன்னது பெரும்பாலும் பத்தாவது நாள்தான் வரும். அன்று அதைச் சோதிக்க நேரம் இருக்காது. அடுத்தது, தரும் டீமின் பேக்லாகில் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியலில்) அதற்கென ஒரு டிக்கெட் அன்றைக்கே உருவாகி, பெறும் டீமின் டிக்கெட்டோடு லிங்க் ஆக வேண்டும். பேக்லாகில் ஏறாத வாக்குறுதியை இரண்டு ஸ்பிரின்ட் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். குறை சொல்லவும் முடியாது.

ஒரு ஸ்டோரியிலிருந்து (பயனருக்கான ஒரு வேலைத் துண்டு) மூன்று டீமுக்குச் சிவப்புக் கோடு போனால் அதை வெட்டுங்கள். முதல் வெட்டில் ஒரு டீமோடு முடிகிற, பயனருக்குப் பயன்படுகிற சின்னப் பகுதி ஒன்று கிடைக்குமா என்று பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

கொள்ளளவை (டீம் செய்யக்கூடிய வேலையின் அளவை) கணக்கிடும்போது இரண்டு ஊர் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ஜனவரி நடுவில் பொங்கலுக்குச் சென்னை டீம்கள் பாதி காலி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஃபிராங்க்ஃபர்ட் காலி. ஆக ஜனவரி 10 தேதிக்கு என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்ட டிபென்டென்சிக்குப் புத்தாண்டுக்குப் பிறகு உண்மையில் கிடைப்பது ஐந்து முதல் ஏழு வேலைநாள்தான். ஜெர்மனியில் கோடை விடுமுறைக்காலத்தில் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து லீவு எடுப்பது இயல்பு. அதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எல்லோரும் விரல் காட்டி வாக்களிப்பார்கள்: ஐந்து என்றால் முழு நம்பிக்கை, ஒன்று என்றால் நடக்காது. இரண்டோ ஒன்றோ காட்டியவரைப் பேச விடுங்கள், வற்புறுத்தி மூன்றாக்காதீர்கள். அவர் சொல்லும் ஒரு வரி அந்த நாளின் மிக மதிப்புள்ள தகவலாக இருக்கலாம்.

முதலில் ஒப்பந்தம், பிறகு கோடு

இரண்டு டீம் சேர்ந்து செய்யும் வேலையில் முதல் மூன்று நாளுக்குள் முடிய வேண்டியது ஏபிஐயின் வடிவம். அந்த வடிவத்தை விவரிக்கும் ஓபன்ஏபிஐ ஃபைல் ஒன்றை எழுதி, இரு டீமும் ரிவ்யூ செய்து, ரெப்போவில் ஏற்றி, அதிலிருந்து மாக் சர்வர் (போலிப் பதில் தரும் சர்வர்) ஒன்றை ஓடவிடுங்கள். பிறகு பெறும் டீம் காத்திருக்க வேண்டியதில்லை. மாக்கை வைத்து எழுதத் தொடங்கலாம்.

ஒப்பந்தத்தில் எங்கே ஓட்டை விழும் என்று ஒரே ஒரு ஃபீல்டில் பார்க்கலாம். பேமெண்ட் டீம் 'அமவுண்ட்' என்ற ஃபீல்டில் 1050 என்று அனுப்புகிறது. அவர்கள் கணக்கில் அது சென்ட், அதாவது 10.50 யூரோ. ரிப்போர்ட் டீம் அதை 1050 யூரோ என்று படிக்கிறது. இரு டீமின் யூனிட் டெஸ்டும் பாஸ் ஆகும், ஏனென்றால் ஃபீல்டின் பெயரும் வகையும் சரி. மாக் டேட்டாவில் எல்லோரும் 100 என்று முழு எண்ணைப் போட்டிருப்பார்கள். அது 100 சென்ட்டா 100 யூரோவா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் உதாரணத் தொகை எப்போதும் 10.50 போலச் சில்லறையோடு இருக்கட்டும், பக்கத்திலேயே 'மிகச் சிறிய அலகில், முழு எண்ணாக' என்று எழுதுங்கள். கரன்சி கோடு தனி ஃபீல்டாகக் கட்டாயம் வர வேண்டும். ஜப்பானிய யென்னுக்குத் தசமம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று தசமம். நூறால் வகுத்தால் சரி என்ற அனுமானம் இந்த இரண்டிலும் உடையும்.

இதேபோல நான்கு இடங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நேரம் யூடிசியிலா (உலகப் பொது நேரத்திலா), உள்ளூர் நேரத்திலா? மதிப்பு இல்லாதபோது ஃபீல்டே வராதா, நல் (வெற்று மதிப்பு) என்று வருமா? ஒரே வேண்டுகோள் இரண்டு முறை வந்தால் என்ன நடக்கும்? எந்தப் பிழைக்கு மறுபடி முயலலாம், எதற்குக் கூடாது?

மாற்றத்துக்கும் விதி வேண்டும். புது ஃபீல்டைச் சேர்ப்பதற்கு அறிவிப்பு போதும். பெயரை மாற்றவோ நீக்கவோ வேண்டுமானால் புதியதைச் சேர்த்து, பழையதையும் வைத்து, எல்லா டீமும் புதியதற்கு மாறியது லாகில் உறுதியான பிறகே பழையதை எடுக்க வேண்டும். 'மெயில் போட்டோமே' என்பது உறுதியாகாது. ஒப்பந்தம் மீறப்படுகிறதா என்று பார்க்கும் பாக்ட் போன்ற கான்ட்ராக்ட் டெஸ்டுகளைப் பைப்லைனில் சேர்த்துவிட்டால், பேமெண்ட் டீம் எதையாவது உடைக்கும்போது அவர்கள் பில்டே சிவப்பாகிவிடும்.

ஸ்க்ரம் ஆஃப் ஸ்க்ரம்ஸ்

1990களின் நடுவில் ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் பல டீம்களைச் சேர்த்து நடத்தப் பயன்படுத்திய முறை இது. டீமுக்கு ஒருவர், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, பதினைந்து நிமிடம். நான்கு கேள்வி: போன தடவைக்குப் பிறகு மற்ற டீமைத் தொடுகிற மாதிரி என்ன முடித்தோம்? அடுத்து என்ன செய்யப்போகிறோம்? எங்களைத் தடுப்பது எது? நாங்கள் யாருக்குத் தடையாகப் போகிறோம்? நான்காவது கேள்விக்காகத்தான் இந்த மீட்டிங்கே. 'வியாழக்கிழமை டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஓடும், மதியம் வரை டெஸ்ட் என்விரான்மெண்ட் மெதுவாக இருக்கும்' என்று பிளாட்ஃபார்ம் டீம் சொல்லும் ஒரு வரி, ஏழு டீமின் அரை நாளைக் காப்பாற்றும்.

வருபவர் கோடு எழுதுபவராக இருக்க வேண்டும். ஸ்க்ரம் மாஸ்டர்கள் மட்டும் கூடினால், கேள்வி கேட்டதும் 'டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று பதில் வரும், ஒரு நாள் போகும். விவாதம் தேவைப்பட்டால் பதினைந்து நிமிடம் முடிந்ததும் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் தங்குங்கள்.

மீட்டிங் கெட்டுவிட்டதற்கு அடையாளம், 'நோ அப்டேட்ஸ் ஃப்ரம் அவர் சைட்' என்ற வாக்கியம் வரிசையாக வருவது. தொடர்ந்து மூன்று முறை யாரும் இன்னொரு டீமின் பெயரைச் சொல்லவில்லை என்றால் வாரம் ஒரு முறையாகக் குறையுங்கள். ரிலீஸ் நெருங்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

நேரத்தைப் பற்றி நுணுக்கமாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை 10 மணி என்றால் சென்னையில் குளிர்காலத்தில் மதியம் 2:30, கோடையில் 1:30. காலெண்டர் அழைப்பை ஃபிராங்க்ஃபர்ட்காரர் போட்டால் மார்ச் கடைசி ஞாயிறு அன்று சென்னையின் நேரம் ஒரு மணி நேரம் முன்னால் வரும், அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று திரும்பிப் போகும். சென்னைக்காரர் போட்டால் ஃபிராங்க்ஃபர்ட்டின் நேரம் நகரும். யார் பெயரில் அழைப்பு இருக்க வேண்டும் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். அமெரிக்க டீமும் உண்டென்றால் இன்னொரு சிக்கல்: அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் மூன்று ஊருக்குமான கணக்கு தப்பும். அந்த வாரங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

கேள்விக்கு ஒரு வாசல்

தகவல் காத்திருப்பைக் குறைக்க ஒவ்வொரு டீமும் கேள்விகளுக்கென ஒரே ஒரு பொதுச் சேனல் வைக்க வேண்டும். தனிமெசேஜில் கேட்டால் பதில் ஒருவருக்கு மட்டும் போகும். அடுத்த வாரம் அதே கேள்வி இன்னொருவரிடமிருந்து வரும். பதில் சொல்பவரும் அந்த ஒரே சீனியராகத்தான் இருப்பார்.

வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து சேனலைப் பார்க்கட்டும். அவருக்கு அந்த ஸ்பிரின்ட்டில் குறைவான ஸ்டோரி கொடுங்கள். முழு வேலையையும் கொடுத்து இதையும் பார் என்றால் நடக்காது. முதல் பதில் நான்கு மணி நேரத்துக்குள் என்று ஒரு வரம்பு வையுங்கள். 'தெரியவில்லை, நாளை காலை சொல்கிறேன்' என்பதும் பதில்தான்.

கேட்பவருக்கும் ஒழுங்கு உண்டு. 'ஹாய்' என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. எந்த என்விரான்மெண்ட், என்ன செய்தேன், என்ன வந்தது, எதை எதிர்பார்த்தேன், எப்போதைக்குள் வேண்டும் என்று ஒரே மெசேஜில் எழுதினால் நேர வித்தியாசம் உள்ள ஊர்களுக்கு நடுவே ஒரு நாள் மிச்சம். ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால், அந்த வாரத்துப் பொறுப்பாளர் அதை விக்கிப் பக்கமாக எழுதி, பதிலாக லிங்க் கொடுக்க வேண்டும்.

விக்கிப் பக்கம் ஒவ்வொன்றிலும் மேலே பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். ஆறு மாதம் யாரும் சரிபார்க்காத பக்கத்தை ஆர்க்கைவுக்கு அனுப்புங்கள். தவறான பக்கம், பக்கம் இல்லாததைவிடக் கெடுதல். அதை நம்பி ஒருவர் ஒரு நாளை விடுவார்.

கேடி: நோட்டீஸ் பீரியடுக்கு முன்பே

ஒருவர் பேப்பர் போட்ட (ராஜினாமா கொடுத்த) பிறகு அவசரமாகக் கேடி (அறிவைக் கைமாற்றும் அமர்வு) வைப்பது நம் ஐடி நிறுவனங்களில் ஊறிய பழக்கம். பத்து மணி நேர ரெக்கார்டிங் மிஞ்சும், அதை யாரும் திறக்க மாட்டார்கள். காரணம் எளிது: தெரிந்தவர் தனக்குத் தெரியும் என்று அவருக்கே நினைவிருப்பதைத்தான் பேசுவார். கை தானாகச் செய்வது, பிரச்சினை வரும்போது எந்த லாகை முதலில் திறப்பார் என்பது, பேச்சில் வராது.

ஆகவே திசையைத் திருப்புங்கள். கற்பவர் கீபோர்டைப் பிடிக்க வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் மட்டுமே செய்துவரும் வேலைகளைப் பட்டியலிடுங்கள்: டிப்ளாய்மென்ட், ரோல்பேக், மாதக் கடைசி பேட்ச் ஜாப், சர்டிஃபிகேட் புதுப்பிப்பு, ப்ராடில் (பயனர்கள் பயன்படுத்தும் நேரடி அமைப்பில்) சிக்கிய பரிவர்த்தனையை விடுவிப்பது. ஒவ்வொன்றையும் கற்பவர் ஒரு முறை பார்த்து, ஒரு முறை துணையோடு செய்து, ஒரு முறை தனியாகச் செய்ய வேண்டும். தனியாகச் செய்யும்போது எங்கே தடுக்கிறதோ அதை மட்டும் ரன்புக்கில் (செய்முறைக் குறிப்பேட்டில்) எழுதுங்கள். பிறகு கற்பவர் முழு டீமுக்கும் விளக்கட்டும், தெரிந்தவர் கேள்வி கேட்கட்டும்.

யாரும் பேப்பர் போடாதபோதே இதைத் தொடங்க ஒரு திறன் அட்டவணை போதும். வரிசையில் ஆட்கள், மேலே மாட்யூல்கள், கட்டத்தில் 0 முதல் 3 வரை: தெரியாது, துணையோடு செய்வேன், தனியாகச் செய்வேன், சொல்லித்தருவேன். எந்த மாட்யூலில் 2 அல்லது 3 போட்டவர் ஒரே ஆளோ, அதற்கு ஸ்பிரின்ட்டுக்கு ஒரு ஸ்டோரியாவது இன்னொருவர் எடுக்கட்டும். இந்த அட்டவணையை அப்ரைசலில் பயன்படுத்தவே கூடாது. ஒரு முறை பயன்படுத்தினால் போதும், அடுத்த காலாண்டில் எல்லோரும் எல்லாவற்றிலும் 3 போடுவார்கள்.

ஏன் என்பதை எழுதிவையுங்கள்

கோடு படித்தால் என்ன நடக்கிறது என்று தெரியும், ஏன் அப்படி என்று தெரியாது. மைக்கேல் நைகார்ட் 2011ல் முன்வைத்த ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட் (வடிவமைப்பு முடிவுப் பதிவு) இதற்கு நல்ல கருவி. ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். கோடு இருக்கும் ரெப்போவிலேயே, வரிசை எண்ணோடு. இப்படி இருக்கும்:

எண் 14. பேமெண்ட் நிலை மாறும்போது வாலட்டை நேரடியாக அழைக்க வேண்டாம். காஃப்கா மெசேஜ் அமைப்பில் ஈவென்ட் அனுப்புவோம்.
நிலை: ஏற்கப்பட்டது.
சூழல்: வாலட் சர்வீஸ் நின்றால் பேமெண்டும் நிற்கிறது. மறுபடி முயலும் முறையைச் சேர்ப்பதையும் பரிசீலித்தோம். நெரிசல் நேரத்தில் அதுவே சுமையைக் கூட்டும் என்பதால் விட்டோம்.
விளைவு: வாலட் இருப்பு சில நொடி தாமதமாக மாறும், மொபைல் டீம் அதைத் திரையில் காட்ட வேண்டும். ஒரே ஈவென்ட் இரண்டு முறை வரலாம். பரிவர்த்தனை எண்ணைப் பார்த்து இரண்டாவதை வாலட் டீம் விட்டுவிட வேண்டும்.

இருபது நிமிட வேலை. அடுத்த ஆண்டு புதிதாக வருபவர் 'ஏன் நேரடியாக அழைக்கவில்லை' என்று கேட்டு அதையே திரும்பக் கட்டத் தொடங்காமல் இருக்க இது போதும். விளைவில் மற்ற டீமின் பெயர் வந்தால், அந்த டீமின் ஒருவர் ரிவ்யூவில் ஒப்புதல் தந்த பிறகே நிலை 'ஏற்கப்பட்டது' ஆக வேண்டும். முடிவு பின்னால் மாறினால் பழைய பக்கத்தைத் திருத்தாதீர்கள். புது எண்ணில் எழுதி, பழையதில் 'எண் 31 இதை மாற்றியது' என்று குறியுங்கள்.

ஆட்கள் நகரட்டும், கில்டுக்கு நேரம் கொடுங்கள்

எழுத்தால் கடக்க முடியாததை ஆள் கடத்துவார். காத்திருப்பு அட்டவணையில் கனத்த கட்டத்தை எடுத்து, காத்திருக்கும் டீமிலிருந்து ஒருவரை இரண்டு ஸ்பிரின்ட்டுக்குத் தரும் டீமில் உட்கார வையுங்கள். அவர் அங்கே விருந்தாளி அல்ல; அந்த டீமின் ஸ்டாண்ட்-அப், அந்த டீமின் டிக்கெட். ஒரு ஸ்பிரின்ட் போதாது, லோக்கல் செட்டப்பும் அனுமதிகளும் வாங்கவே முதல் வாரம் போய்விடும். எட்டு டீம் வரை ஸ்க்ரம் நடத்துவதற்கான லெஸ் (LeSS) முறையிலும் இப்படி டீம் விட்டு டீம் போகும் பயணிகள் உண்டு. வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்ட்டில் முடிக்கும் வேலையின் அளவு) குறையும் என்று மேனேஜர் தயங்குவார். குறையத்தான் செய்யும், இரண்டு ஸ்பிரின்ட்டுக்கு. திரும்பி வந்தவர் அந்த டீமின் ரெப்போவில் தானே புல் ரிக்வெஸ்ட் போடத் தொடங்குவார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஸ்குவாட், ட்ரைப், சாப்டர், கில்டு (டீம் தாண்டி ஒரே ஆர்வமுள்ளவர்கள் கூடும் குழு) என்ற பெயர்கள் 2012ல் ஸ்பாட்டிஃபை பற்றி வெளிவந்த ஒரு சிறு ஆவணத்திலிருந்து பரவின. அது அன்றைய நிலையின் படம் மட்டுமே என்றும், படிக்கும்போது மாறியிருக்கும் என்றும் அந்த ஆவணமே முதலில் சொல்லிவிடுகிறது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட பல நிறுவனங்களில் கில்டு நான்காவது கூட்டத்தில் அடங்கிவிடும். காரணம் இரண்டு: அதற்கென நேரம் ஒதுக்கவில்லை, அது எடுக்கும் முடிவுக்கு மதிப்பு இல்லை. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைக் கொள்ளளவிலேயே கழியுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கைக்கு ஒன்று மிஞ்ச வேண்டும்: பொது லாகிங் வடிவம், டெஸ்ட் டேட்டா ஸ்கிரிப்ட், லைப்ரரி பதிப்பு முடிவு. பரிந்துரையை எழுதி ஐந்து வேலைநாள் திறந்து வையுங்கள். காரணத்தோடு மறுப்பு வராவிட்டால் எல்லா டீமுக்கும் அது நடைமுறை.

ஒரே டெமோ, ஒரே ரெட்ரோ

ஸ்பிரின்ட் முடிவில் எட்டு டீமின் கோடும் ஒரே என்விரான்மெண்டில் சேர்ந்து ஓட வேண்டும். மொபைலில் லாகின் செய்து, பணம் அனுப்பி, ஃபிராடு சோதனை தாண்டி, நோட்டிஃபிகேஷன் வந்து, ரிப்போர்ட்டில் தொகை தெரியும்வரை ஒரே ஓட்டமாகக் காட்டுங்கள். ஸ்லைடு வேண்டாம். பொதுவான 'டெஃபினிஷன் ஆஃப் டன்' (வேலை முடிந்தது என்று சொல்வதற்கான விதி) ஒன்றில் 'பொது என்விரான்மெண்டில் ஓடியது' என்பது கட்டாய வரியாக இருக்கட்டும். அது இல்லாததால்தான் ஆரம்பத்தில் சொன்ன பச்சை போர்டுகள் உருவாகின்றன.

டீம் ரெட்ரோ (ஸ்பிரின்ட்டைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) முடிந்த மறுநாள், டீமுக்கு ஒருவர் வந்து ஒரு மணி நேரப் பொது ரெட்ரோ. காத்திருப்பு அட்டவணையின் புதிய எண்ணை முன்னால் வைத்து, ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்து, ஒரு செயல், ஒரு பெயர், ஒரு தேதி. ஐந்து செயல் எழுதினால் ஐந்தும் நடக்காது. டீம்களின் வெலாசிட்டியை இங்கே ஒப்பிடாதீர்கள்; ஒரு டீமின் ஸ்டோரி பாயிண்ட் இன்னொரு டீமின் அளவே அல்ல.

ஒரே கட்டம் திரும்பத் திரும்ப நிரம்பினால்

மூன்று காலாண்டு கழிந்தும் வாலட்டும் பேமெண்டும் சந்திக்கும் கட்டம் மட்டும் கனமாகவே இருக்கிறது என்றால், அங்கே மீட்டிங்கோ ஆவணமோ குறைவில்லை. டீம்களின் எல்லை தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு அமைப்பையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968லேயே எழுதினார். எப்போதும் ஒன்றாக மாறுகிற கோடு இரண்டு டீமில், இரண்டு ஊரில் பிரிந்து கிடந்தால், ஒவ்வொரு மாற்றமும் ஒரு பேச்சுவார்த்தையாகத்தான் இருக்கும்.

இதை மாற்றும் அதிகாரம் புதிதாக வந்தவரிடம் இருக்காது; ஆதாரம் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். மேலே மூன்று காலாண்டின் அட்டவணையில் அந்த ஒரு கட்டத்தின் நாட்கள். அதன் கீழ் மூன்று டிக்கெட், ஒவ்வொன்றும் எப்போது கேட்கப்பட்டது, எப்போது வந்தது, இடையில் என்ன நின்றது. கோடு மாற்றங்களின் பதிவான கிட் லாகிலிருந்து, இரண்டு ரெப்போவும் ஒரே ஜிரா எண்ணில் சேர்ந்து மாறிய தடவைகளின் எண்ணிக்கை. கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: இருப்புக் கணக்கிடும் மாட்யூலை வாலட்டிலிருந்து பேமெண்ட் டீமுக்கு மாற்றுவதா, அல்லது அதைத் தெரிந்த இருவரை ஒரு காலாண்டுக்கு அந்த டீமுக்கு அனுப்புவதா. இரு டீமின் டெக் லீடும் அதை முன்கூட்டியே படித்து, எண்கள் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே மேலே அனுப்புங்கள். அனுப்ப வேண்டிய நேரம் அடுத்த காலாண்டுத் திட்டமிடலுக்கு மூன்று வாரம் முன்பு. கொள்ளளவு பூட்டப்பட்ட பிறகு போனால் பதில் 'அடுத்த காலாண்டில் பார்ப்போம்' என்றுதான் வரும்.